ஆழ்கடலில் ஸ்குவாலஸ்
(அறிவியல் பகுதி)



மற்றக் கப்பல்கள் மூழ்கினால் அது விபத்து. மூழ்குவதையே தொழிலாகக் கொண்ட கப்பலும் ஒன்று உண்டு. அதுவே நீர்மூழ்கிக் கப்பல். மூழ்குவது அதற்கு எளிது. மூழ்கிய பின் மீண்டும் எழுவதில்தான் அதன் திறமையும் அதில் பணியாற்றுவோரின் உயிரும் அடங்கியுள்ளன.

அப்படி மூழ்கி, எழ இயலாமல் கடலடியில் கிடந்து, பின்னர் மனிதரின் அறிவாலும் அஞ்சாமையாலும் மீட்கப்பட்ட ஒரு கப்பலின் வரலாற்றை இங்கே காண்போம். அதன் பெயர் ஸ்குவாலஸ். இலத்தீன் மொழியில் இது ஒருவகைச் சுறாமீனைக் குறிக்கும் சொல். அமெரிக்கக் கடற்படைக்காக போர்ட்ஸ்மவுத் கடற்படைத் தளத்தில் கட்டப்பட்ட இக்கப்பல், 1938 செப்டம்பர் 14 அன்று நீரில் இறக்கப்பட்டு, 1939 மார்ச் 1 அன்று பணியில் சேர்ந்தது. மூன்றே மாதங்களுக்குள் அதன் பெயரை உலகமே உச்சரிக்கும் நிலை வந்தது.

மூழ்குவதும் எழுவதும்

எட்டாம் வகுப்பு மாணவிக்கும் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் தெரியும். ஒரு பொருள் தான் விலக்கும் நீரின் எடைக்குச் சமமான மேல்நோக்கு விசையைப் பெறுகிறது. அப்பொருளின் எடை அவ்விசையைவிடக் குறைவானால் மிதக்கும், மிகுந்தால் அமிழும். இரும்புக் கப்பல் மிதப்பதும் இரும்பு ஆணி அமிழ்வதும் இதனாலேயே.

நீர்மூழ்கிக் கப்பல் தன் உருவ அளவை மாற்றிக்கொள்ள முடியாது. ஆனால் எடையை மாற்றிக்கொள்ள முடியும். அதன் உறுதியான உள்கூட்டைச் சுற்றிப் பெரிய தொட்டிகள் அமைந்துள்ளன. கப்பல் மேலே மிதக்கும்போது அவற்றில் காற்று நிறைந்திருக்கும். மேற்புறத் திறப்புகளைத் திறந்ததும் காற்று வெளியேற, அடியிலிருந்து கடல்நீர் உள்ளே ஏறும். கப்பல் கனத்து அமிழும். எழ வேண்டுமானால், உருளைகளில் மிகுந்த அழுத்தத்தில் அடைத்து வைத்த காற்றைத் தொட்டிகளுக்குள் செலுத்துவார்கள். அது நீரை வெளியே தள்ளும்; கப்பல் இலேசாகி மேலே வரும்.

ஸ்குவாலஸின் நீளம் சுமார் 94 மீட்டர். மேலே மிதக்கும்போது அது 1,450 டன் நீரையும், முழுதும் மூழ்கிய நிலையில் 2,350 டன் நீரையும் விலக்கியது. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பெரும்பகுதி தொட்டிகளில் புகுந்த கடல்நீரின் எடையே.

இருவகை எந்திரங்கள்

இனி, இக்கப்பலை ஓட்டுவது எது எனக் காண்போம். பேருந்திலும் லாரியிலும் உள்ளது போன்ற டீசல் எந்திரத்திற்கு எண்ணெய் மட்டும் இருந்தால் போதாது. எரிவதற்குக் காற்றும் வேண்டும். கடலுக்கடியில் காற்றுக்கு எங்கே போவது? உள்ளே உள்ள சிறிதளவு காற்றை எந்திரம் உறிஞ்சிக்கொண்டால் மனிதர் மூச்சு முட்டி இறப்பர்.

ஆகவே இருவகை எந்திரங்களை வைத்தார்கள். கடலின் மேற்பரப்பில் செல்லும்போது டீசல் எந்திரங்கள் வேலை செய்யும். ஸ்குவாலஸில் அவை நான்கு. இரண்டு எந்திரங்கள் கப்பலின் சுழல்தண்டுகளை ஓட்டின. மற்ற இரண்டும் மின்னாக்கிகளைச் சுழற்றி மின்சாரம் தந்தன. அம்மின்சாரத்தில் ஒரு பகுதி மின்கலங்களில் சேமிக்கப்பட்டது. மூழ்கியதும் டீசல் எந்திரங்கள் நிறுத்தப்படும். மின்கலங்களிலிருந்து மின்சாரம் பெற்று மின் மோட்டார்கள் கப்பலை ஓசையின்றி ஓட்டும்.

மின்கலங்கள் காரில் உள்ளவை போன்ற ஈய அமில வகையே. ஆனால் உருவத்தில் மிகப் பெரியவை. இரண்டு அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கிலும் 126 கலங்கள். ஒரு கலம் 2 வோல்ட் தரும் என்றால், தொடராக இணைத்த ஓர் அடுக்கு சுமார் 250 வோல்ட் தரும். இவற்றின் துணையால் மணிக்கு 2 கடல்மைல் வேகத்தில் ஏறத்தாழ இரண்டு நாட்கள் நீருக்கடியில் இருக்கலாம். வேகமாக ஓட்டினால் மின்சாரம் விரைவில் தீர்ந்துவிடும். பின்னர் மேலே வந்து, காற்றை வாங்கி, மின்கலங்களுக்கு மறுபடியும் மின்னேற்ற வேண்டும். திமிங்கிலம் மூச்சுக்கு மேலே வருவதுபோல, இவ்வகைக் கப்பலும் காற்றைத் தேடி மேலே வந்தே ஆகவேண்டும்.

மின்கலங்களால் ஆபத்தும் உண்டு. கடல்நீர் பட்டால் குளோரின் என்னும் நச்சுவாயு தோன்றும். மின்னோட்டம் குறுக்குவழியில் பாய்ந்தால் தீயும் வெடிப்பும் நேரலாம்.

டீசல் எந்திரங்களுக்குக் காற்றைக் கொண்டுவரப் பெரிய குழாய் ஒன்று கப்பலின் மேற்புறத்தில் திறந்திருக்கும். மூழ்குமுன் அதன் வாயை ஒரு வால்வு மூடவேண்டும். இந்த வால்வை நினைவில் வையுங்கள்; நம் கதை இதில்தான் தொடங்குகிறது.

1939 மே 23

அன்று காலை, ஐல்ஸ் ஆஃப் ஷோல்ஸ் என்னும் சிறு தீவுகளுக்கு அப்பால், ஸ்குவாலஸ் ஒரு சோதனை மூழ்கலுக்குப் புறப்பட்டது. இதற்குமுன் 18 முறை நன்றாகவே மூழ்கி எழுந்திருந்தது. கப்பலில் 59 பேர் இருந்தனர்; அவர்களுள் மூவர் கடற்படையைச் சேராத தொழில் வல்லுநர்கள். தலைவர் லெப்டினன்ட் ஆலிவர் நாக்வின்.

திறப்புகள் அனைத்தும் மூடியுள்ளனவா என்று காட்டும் பலகையில் எல்லா விளக்குகளும் பச்சையாக எரிந்தன. கப்பல் அமிழ்ந்தது. அமிழ்ந்த சிறிது நேரத்தில் எந்திர அறையிலிருந்து தண்ணீர் புகுவதாக அலறல் கேட்டது. காற்றுக் குழாயின் வால்வு திறந்தே இருந்தது! விளக்கு பச்சை காட்டியும் வால்வு மூடவில்லை. கடல்நீர் பேரிரைச்சலுடன் பாய்ந்து இரண்டு எந்திர அறைகளையும், பின்புற டார்பிடோ அறையையும், மாலுமிகள் தங்கும் அறையையும் நிரப்பியது.

கப்பலின் நடுவே உறுதியான இரும்புக் கதவு ஒன்று இருந்தது. அதனருகே நின்றவர் லாயிட் மேனஸ் என்னும் மின்பணியாளர். கப்பலின் பின்புறம் கீழே சாய்ந்துவிட்டதால், கனத்த அக்கதவை மேட்டுப்பக்கமாக இழுத்து மூடவேண்டியிருந்தது. பின்னாலிருந்து சிலர் தண்ணீரில் தத்தளித்து ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் நுழையும்வரை மேனஸ் காத்தார். பின்னர் தண்ணீர் நிலைப்படியைத் தாண்டத் தொடங்கியதும் தம் வலிமையெல்லாம் கூட்டிக் கதவை இழுத்து மூடித் தாழிட்டார். அப்புறம் இருந்தவர்களும் அவருடைய தோழர்களே. ஆனால் அக்கதவு மூடப்படாவிடில் ஒருவரும் பிழைத்திருக்க முடியாது.

அதே வேளையில் லாரன்ஸ் கெய்னர் என்னும் மூத்த மின்பணியாளர், முன்புற மின்கலங்களில் மின்னோட்டம் குறுக்கே பாய்வதைக் கண்டார். மின்கல அறைக்குள் ஊர்ந்து இறங்கி, தீப்பொறிகளுக்கு நடுவே இணைப்புகளைத் துண்டித்தார். வெடிப்பு தவிர்ந்தது, ஆனால் கப்பல் முழுதும் இருள் சூழ்ந்தது.

ஸ்குவாலஸ் 240 அடி ஆழத்தில், அதாவது சுமார் 73 மீட்டர் ஆழத்தில், சேற்றில் அமர்ந்தது. 26 பேர் இறந்துவிட்டனர். 33 பேர் உயிருடன் இருந்தனர்.

காத்திருத்தல்

நீரில் 10 மீட்டர் இறங்கும்தோறும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடும். 73 மீட்டர் ஆழத்தில் கப்பலின் வெளிப்புறத்தில் ஒவ்வொரு சதுரச் சென்டிமீட்டரையும் சுமார் 7 கிலோ எடை அமுக்குகிறது. உங்கள் உள்ளங்கையளவு இடத்தில் ஏறத்தாழ 700 கிலோ! உள்ளிருந்து கதவைத் தள்ளித் திறப்பது எப்படி?

பிழைத்தவர்களிடம் நீருக்கடியில் மூச்சுவிட உதவும் தனிக் கருவிகள் இருந்தன. ஆனால் நீர் உறைபனிபோல் குளிர்ந்திருந்தது. எவ்வளவு பேர் உயிரோடு மேலே போய்ச் சேர்வார்கள் என்பது ஐயம். ஆகவே தலைவர் நாக்வின் காத்திருக்க முடிவு செய்தார். புகை எழுப்பும் வாணங்கள் மேலே செலுத்தப்பட்டன. தொலைபேசி பொருத்திய மிதவை ஒன்று விடுவிக்கப்பட்டது. பின்பு அவர் இட்ட கட்டளை: யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது, படுத்திருக்க வேண்டும். ஏனெனில் அசைவும் பேச்சும் பிராணவாயுவை விரைந்து செலவழிக்கும். கரியமில வாயுவை உறிஞ்சும் பொடியைத் தரையில் பரப்பினார்கள். இருட்டிலும் குளிரிலும் ஒருவரோடொருவர் நெருங்கிப் படுத்து, மேலிருந்து வரும் ஓசைக்காகச் செவிசாய்த்துக் கிடந்தார்கள்.

ஸ்குவாலஸிடமிருந்து செய்தி வராததைக் கண்ட தளத்தின் தலைவர் அட்மிரல் கோல், அதன் தங்கைக் கப்பலாகிய ஸ்கல்பினைத் தேடி அனுப்பினார். ஸ்கல்பினில் இருந்த ஓர் அதிகாரியின் கண்ணில் தொலைவில் எழுந்த புகை பட்டது. மிதவையைக் கண்டெடுத்து நாக்வினுடன் பேசத் தொடங்கினார்கள். சில சொற்களே பேசியிருப்பார்கள், கம்பி அறுந்துவிட்டது. அதன்பின் உள்ளிருந்தவர்கள் சுத்தியலால் இரும்புச் சுவரைத் தட்டி, மோர்ஸ் குறிகளால் தாம் உயிரோடிருப்பதை அறிவித்தார்கள்.

பதினான்கு ஆண்டுகள் முன்பே தொடங்கிய மீட்பு

உண்மையில் இந்த 33 பேரின் மீட்பு அன்று தொடங்கியதன்று. 1925இல் எஸ்-51 என்ற நீர்மூழ்கிக் கப்பல் ஒரு பயணிக் கப்பலால் மோதுண்டு மூழ்கியது. அதைத் தேடிச் சென்ற கப்பலின் தலைவர் சார்ல்ஸ் மாம்சன். கடல்மேல் மிதந்த எண்ணெயைக் கண்டும் கீழே உள்ள தம் நண்பர்களுக்கு உதவ அவரிடம் ஒரு வழியும் இல்லை. அந்த வேதனையில் அவர் மணிபோன்ற ஒரு மீட்புக் கலத்தைச் சிந்தித்து வரைந்து மேலிடத்திற்கு அனுப்பினார். அது பயனற்றது என ஒதுக்கப்பட்டது.

1927 டிசம்பரில் எஸ்-4 என்ற கப்பல் மூழ்கியது. அதில் ஆறு பேர் முன்னறையில் உயிரோடிருந்து, நம்பிக்கைக்கு இடமுண்டா என்று சுவரில் தட்டிக் கேட்டார்கள். வெளியே வல்லவர்கள் பலர் இருந்தும் கடலின் கொந்தளிப்பாலும் தக்க கருவியின்மையாலும் ஒன்றும் செய்ய இயலவில்லை. 40 பேரும் இறந்தனர். அதன்பிறகே மாம்சனின் எண்ணத்திற்குச் செவிசாய்த்தார்கள். மூழ்கியவர் மூச்சுவிட உதவும் பை ஒன்றை அவர் உருவாக்கினார். மீட்புக் கலத்தை ஆலன் மெக்கான் என்பவர் நிறைவு செய்ததால், அது மெக்கான் கலம் எனப் பெயர் பெற்றது. 1939இல் இருவரும் ஸ்குவாலஸ் கிடந்த இடத்திற்கு விரைந்தனர்.

மீட்புக் கலம் வேலை செய்யும் விதம்

இது பேரிக்காய் வடிவான எஃகுக் கலம். இதில் மேலறை, கீழறை என இரு பகுதிகள். மேலறையில் இரண்டு பணியாளர்களும் மீட்கப்படுவோரும் இருப்பர். கீழறையின் அடி திறந்தது. முதலில் ஒரு மூழ்குவீரர் இறங்கிக் கப்பலின் கதவில் எஃகுக் கயிற்றை மாட்டவேண்டும். மே 24 காலையில் மார்ட்டின் சிபிட்ஸ்கி என்பவர் இறங்கி இதைச் செய்தார். கலம் அக்கயிற்றைப் பற்றிச் சுருட்டிக்கொண்டே இறங்கிக் கதவின்மேல் அமரும். கீழறையின் விளிம்பில் ரப்பர் வளையம் உண்டு. கீழறையில் உள்ள நீரை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்ததும், வெளியிலுள்ள கடலின் பேரழுத்தம் கலத்தைக் கப்பலோடு சேர்த்து அமுக்கிவிடும். இயற்பியல் பாடத்தில் மாக்டிபர்க் அரைக்கோளங்களைப் படித்திருக்கிறீர்கள் அல்லவா? குதிரைகள் இழுத்தும் பிரியாத அக்கோளங்களைப் பிணைத்தது வளிமண்டல அழுத்தம். இங்கோ கடலின் அழுத்தம். கொல்ல வந்த கடலே காக்கும் கரமாயிற்று. இனிக் கதவைத் திறந்து உள்ளிருப்போர் ஏறிக்கொள்ளலாம்.

முதல் தடவையில் 7 பேர் மேலே வந்தனர். இரண்டாம் தடவை 9. மூன்றாம் தடவை 9. நான்காம் தடவை தலைவர் நாக்வின் உட்பட எஞ்சிய 8 பேரும் ஏறினர். அவரே கடைசியாகக் கப்பலை விட்டு வந்தவர்.

பாதி வழியில் எஃகுக் கயிறு சிக்கிக்கொண்டது. மேலே இழுக்கும் கம்பியின் புரிகளும் ஒவ்வொன்றாக அறத் தொடங்கின. பளுவைத் தாங்காது எனக் கண்ட மாம்சன், கலத்தை மீண்டும் கடலடியில் இறக்கச் செய்தார். பின்னர் கலத்தின் எடையைச் சிறிது சிறிதாகக் குறைத்து, ஃபால்கன் என்ற மீட்புக் கப்பலின் மேல்தளத்தில் நின்ற மாலுமிகள் கைகளாலேயே மெல்ல மெல்ல இழுத்தார்கள். எந்திரத்தின் வலிமை அறுத்துவிடக்கூடிய கம்பியை மனிதக் கைகளின் பொறுமை காப்பாற்றியது. மே 25 நள்ளிரவு கழிந்தபின் எண்மரும் மேலே வந்தனர். கப்பல் மூழ்கி 40 மணி நேரத்திற்குள் 33 பேரும் மீட்கப்பட்டனர்! ஐந்தாம் முறையும் கலம் இறங்கிப் பின்புறக் கதவைத் திறந்து பார்த்தது. அங்கே நீர் மட்டுமே இருந்தது.

ஒரு வாரம் கழித்து, ஜூன் 1 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூல் விரிகுடாவில் தீட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் சோதனையின்போது மூழ்கியது. அதிலிருந்து நால்வர் மட்டுமே தப்பினர். 99 பேர் இறந்தனர். நாக்வினின் மாலுமிகள் எத்தகைய ஆபத்திலிருந்து மீண்டனர் என்பதை இது விளக்கும்.

மீண்டும் எழுந்த கப்பல்

கப்பலையும் மீட்க முடிவு செய்தார்கள். மூழ்குவீரர்கள் 600 முறைக்குமேல் இறங்கினார்கள். இவ்வளவு ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசித்தால், அதிலுள்ள நைட்ரஜன் மயக்க மருந்துபோல் அறிவை மழுங்கச் செய்யும். எனவே நைட்ரஜனுக்குப் பதில் ஹீலியம் கலந்த பிராணவாயுவைப் பயன்படுத்தினார்கள். மேலே வரும்போதும் அவசரம் கூடாது. சோடா புட்டியைத் திடீரெனத் திறந்தால் குமிழிகள் பொங்குவதுபோல் இரத்தத்தில் குமிழிகள் தோன்றி உயிரைப் பறிக்கும். படிப்படியாக நின்று நின்றே வரவேண்டும்.

ஜூலை 13 அன்று காற்று நிரப்பிய மிதவைகளால் தூக்கியபோது, கப்பலின் முன்பகுதி கட்டுமீறி நீருக்குமேல் பாய்ந்து, மறுபடியும் மூழ்கிவிட்டது. பல வாரங்களின் உழைப்பு வீணாயிற்று. அவர்கள் மறுபடி தொடங்கினார்கள். 113 நாட்களுக்குப்பின், செப்டம்பர் 13 அன்று ஸ்குவாலஸ் துறைமுகம் சேர்ந்தது. மூழ்குவீரர் நால்வருக்கு அமெரிக்காவின் மிகவுயர்ந்த வீரப் பதக்கம் வழங்கப்பட்டது.

பழுது நீக்கப்பட்ட கப்பல் 1940 மே 15 அன்று செயில்ஃபிஷ் என்ற புதுப்பெயருடன் பணிக்குத் திரும்பியது. முதுகில் பாய்போல் விரியும் துடுப்புடைய மீன் அது. நம் மீனவர்கள் மயில்மீன் என்பர்.

போரின் கொடுமை

இரண்டாம் உலகப்போரில் செயில்ஃபிஷ் பசிபிக் கடலில் 12 முறை போர்ச் சுற்றுக்குச் சென்றது. 1943 டிசம்பர் 4 அன்று, புயலுக்கிடையே, சூயோ என்ற ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பலை மும்முறை தாக்கி மூழ்கடித்தது. மாலுமிகள் வெற்றி மகிழ்ச்சியில் திளைத்தனர்.

ஆனால் அக்கப்பலுக்குள் 21 அமெரிக்கக் கைதிகள் இருந்தார்கள். அவர்கள் யார் தெரியுமா? முந்திய மாதம் மூழ்கடிக்கப்பட்ட ஸ்கல்பின் கப்பலின் மாலுமிகள்! கடலடியில் கிடந்த ஸ்குவாலஸைத் தேடிக் கண்டுபிடித்த அதே ஸ்கல்பின்தான். கைதிகளில் ஒருவர் மட்டுமே உயிர் தப்பினார். சூயோவில் இருந்த ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஜப்பானியரும் மாண்டனர். அவர்களுக்கும் தாய்மார் இருந்தனர். செயில்ஃபிஷ் மாலுமிகள் தாம் செய்தது இன்னதென்று அறியாமலே செய்தார்கள். போர் என்பது யாரை அழிக்கிறோம் என்று பாராத குருட்டுக் கரம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1945 அக்டோபரில் கப்பல் பணியிலிருந்து விலக்கப்பட்டுப் பின்னர் உடைக்கப்பட்டது. அதன் கோபுரம் மட்டும் பிறந்த இடமாகிய போர்ட்ஸ்மவுத் தளத்தில் நினைவுச் சின்னமாக நிற்கிறது.

நாம் கற்பவை

டீசலும் மின்சாரமும் கொண்டு ஓடும் கப்பல்கள் இன்றும் பல நாடுகளில் உள்ளன. நம் நாட்டில் விசாகப்பட்டினக் கடற்கரையில், 31 ஆண்டுகள் பணியாற்றிய குர்சுரா என்ற கப்பல் 2002 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. கல்விச் சுற்றுலா செல்வோர் உள்ளே நடந்து பார்க்கலாம். ஆழ்கடல் மீட்புக் கலத்தை இந்தியக் கடற்படை 2018இல் பணியில் சேர்த்துக்கொண்டது. ஆபத்தும் முற்றிலும் நீங்கவில்லை. 2017 நவம்பரில் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் கப்பல் 44 பேருடன் மூழ்கியது. காற்றுக் குழாய் வழியே புகுந்த கடல்நீர் மின்கலங்களில் பட்டதாக அதன் தலைவர் அனுப்பிய செய்தி கூறியது. இறந்தோருள் எலியானா கிராவ்சிக் என்ற பெண்மணியும் ஒருவர். அந்நாட்டின் முதல் பெண் நீர்மூழ்கி அதிகாரி அவரே.

மாணவிகளே, இவ்வரலாற்றில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. ஒன்று: சிறு வேலை என்று ஒன்றும் இல்லை. ஒரு வால்வு மூடாமையால் 26 பேர் இறந்தனர். ஒரு கதவு மூடியதால் 33 பேர் பிழைத்தனர். இரண்டு: பிறர் துயரைக் கண்டு வருந்துவதோடு நிற்கலாகாது. மாம்சன் தம் கண்ணீரைக் கருவியாக மாற்றினார், மறுக்கப்பட்டும் சோர்ந்துவிடவில்லை. மூன்று: அறிவியல் உயிரைக் காக்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது. ஒரே கப்பல் இரண்டையும் நமக்குக் காட்டியது. எதற்குப் பயன்படுத்துவது என்பதை ஆய்வுக்கூடம் கற்பிக்காது, மனச்சான்றே கற்பிக்கும்.

யோனாஸ் இறைவாக்கினர் கடலின் ஆழத்திலிருந்து மன்றாடினார், இறைவன் செவிசாய்த்தார். கடலின் விண்மீனாகிய நம் அன்னை மரியாள், கடல்மேலும் கடலடியிலும் உழைப்போர் அனைவரையும் காப்பாளாக.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. நீர்மூழ்கிக் கப்பல் தன் எடையை எவ்வாறு மாற்றிக்கொள்கிறது?
2. மூழ்கிய நிலையில் டீசல் எந்திரத்தைப் பயன்படுத்தாதது ஏன்?
3. 50 மீட்டர் ஆழத்தில் நீரினால் மட்டும் உண்டாகும் அழுத்தம் ஏறத்தாழ எத்தனை வளிமண்டலம்?
4. மீட்புக் கலம் கப்பலோடு ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் யாது?
5. கதவை மூடிய மேனஸின் இடத்தில் நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? காரணம் கூறுக.